ஏழு சுற்றுக்கு ஒரு மெட்டு

மே 4, 2023, வியாழன்

மழை. காலையில் யாழின் பதினேழாம் நரம்பு அறுந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நான் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து பட்டென்று ஒரு வெடி. போய்ப் பார்த்தால் யாழ் ஒன்றும் நடக்காத மாதிரி மூலையில் நிற்கிறது. முப்பத்தெட்டு வருடம் மருந்துக்கடை நடத்தியவள் நான். காரணமில்லாமல் எதுவும் உடையாது என்பதில் உறுதியானவள். சோர்ஹாவிடம் காரணம் கேட்டேன்.

"ஈரம், மிஸஸ் டியர்னி. அதுக்குத் தோணினா அறுத்துக்கும்."

இதெல்லாம் ஒரு விளக்கமா?

சோர்ஹா வியாழக்கிழமைகளில் எனக்கு யாழ் சொல்லித்தர வருகிறாள். வயது முப்பத்தாறு, எனக்கு எழுபத்தாறு. தலை வாராமல், தாளைப் பார்க்காமல், முதுகை வளைத்துக்கொண்டு வாசிப்பாள். எல்லாம் சரியாகவே வரும். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் பெனிக்னஸ் இவளை ஒரே ஒரு வாரம் வைத்திருந்தால்... வேண்டாம், பாவம். அந்த மடத்தின் வரவேற்பறையில் ஒரு யாழ் இருந்தது. வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். சனிக்கிழமைதோறும் அந்தத் துணியைத் தூசி தட்டுவது என் வேலை. துணியை விலக்க அனுமதி இல்லை. எழுபது வயதில் சொந்தமாக ஒன்று வாங்கியபோது, முதல் காரியமாக அதன் உறையைத் தூக்கி எறிந்தேன்.

இன்று சோர்ஹா புதிதாக ஒன்று சொன்னாள். "இதை வெளியில தூக்கிட்டுப் போய் வாசிங்க. வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா பீரோ ஆயிடும்."

"வெளியில் மழை பெய்கிறது."

"அயர்லாந்துல மழை நிக்கட்டும்னு காத்திருந்தா நாம யாருமே பொறந்திருக்க மாட்டோம்."

பிப்ரவரியில் நடந்ததைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இங்கே ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். என் கணவர் மாலக்கியின் நான்காம் ஆண்டு நினைவுத் திருப்பலி. அவர் தினமும் சவரம் செய்யும்போது சீட்டியடித்த மெட்டு ஒன்று உண்டு. பெயர் கிடையாது, யாரிடம் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. அதைத் தாளில் எழுதி, எட்டு மாதம் பழகி, கோவிலில் வாசிக்க உட்கார்ந்தேன். மூன்றாம் வரியில் யாரோ இருமினார்கள். விரல் நின்றது. நின்றது நின்றதுதான். எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, என் இருக்கைக்கு நடந்து போனேன். மாலக்கியின் அக்கா அட்ராக்டா மட்டும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துச்சு டிம்ப்னா. இருந்த வரைக்கும்."

மே 12, வெள்ளி

மழை இல்லை. யாழைத் தோட்டத்துப் புல்லில் கொண்டு வைத்துவிட்டு நாற்காலி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அது தானாகப் பாடிக்கொண்டிருக்கிறது! கடற்காற்று நரம்புகளுக்குள் புகுந்து, பெரிய தேனீக்கூடு மாதிரி ஒரு ரீங்காரம். நாற்காலியைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றேன். என்னிடம் கேட்காமல் என் யாழை வாசிக்கிற காற்று. அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை என்பது கொஞ்சம் எரிச்சல்.

உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்து வயலின் கல்வேலிக்கு மேலே தலைகள் முளைத்தன. பதினொரு இளங்காளைகள். வரிசையாக, மூக்கை நீட்டிக்கொண்டு. மூன்று பாட்டு வாசித்தேன், ஒன்றுகூட நகரவில்லை. ஒன்றுகூட இருமவில்லை. நம் பங்கு மக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் தேவலை.

மாலக்கியின் மெட்டை வாசிக்கவில்லை.

மே 20, சனி

படகுத்துறை. யாழைச் சாமான் வண்டியில் கட்டி, நானே தள்ளிக்கொண்டு போனேன். மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள், மூவரையும் மறுத்தேன்.

பிழைகள்: ஒன்று, தாளை ஒரே ஒரு துணிக்கிளிப் போட்டுப் பிடித்திருந்தேன். காற்றுக்கு அது போதாது. தாள் பறந்து ஒரு நண்டுப் படகுக்குள் விழுந்தது. படகுக்காரன் அதை மேலே நீட்டி, "இது தலைகீழா இருக்கா, நேரா இருக்கா?" என்றான். இரண்டு, நரம்பை அரைச்சுரம் ஏற்றும் லீவர் ஒன்றை முந்தைய பாட்டுக்குப் பிறகு இறக்க மறந்தேன். ஒரு முழுப் பாட்டும் அந்த லீவர் உள்ள நீல நரம்பு வரும் இடமெல்லாம் புளித்த பால் மாதிரி. எனக்கு உடல் கூசியது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்!

வெளியூர்ப் பெண் ஒருத்தி காகிதத்தில் சுற்றிய முட்டை சாண்ட்விச்சை என் மடியில் வைத்து, "சாப்பிடுங்கம்மா, எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்களோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கோட்டு கம்பளிக் கோட்டு. காலணி பளபளவென்று இருந்தது. இருந்தும்!

சாண்ட்விச் நன்றாக இருந்தது. கொஞ்சம் உப்புக் கம்மி.

மே 21, ஞாயிறு

திருப்பலி முடிந்ததும் அட்ராக்டா: "துறையில உக்காந்திருந்தியாமே. சாப்பாடு குடுத்தாங்களாமே."

ஜூன் 8, வியாழன்

பங்குத்தந்தை எமேகா டீ குடிக்க வந்தார். நைஜீரியாக்காரர், கிறிஸ்துமஸுக்கு முன் இந்தப் பங்குக்கு வந்தார். மூன்று பிஸ்கட் சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். ஜூலை கடைசியில் வரும் மலர்மாலை ஞாயிறன்று குன்றின் மேல் கெர்னன் புனிதக் கிணற்றில் எல்லோரும் கூடுகிறார்களாமே, அங்கே நான் வாசிக்க வேண்டுமாம்.

"எங்க ஊர்ல மேளம் இல்லாம ஒரு திருநாளும் கிடையாது மிஸஸ் டியர்னி. இங்க மழையைப் பார்த்துக்கிட்டே முணுமுணுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடறீங்க. எல்லாரும் கிணத்தைச் சுத்தி முடிஞ்சதும் ஒரே ஒரு பாட்டு."

"பார்க்கலாம் ஃபாதர்," என்றேன்.

ஜூன் 11, ஞாயிறு

பீடத்திலிருந்து அறிவித்துவிட்டார்! "மலர்மாலை ஞாயிறன்று மிஸஸ் டியர்னி யாழ் வாசிப்பார்." பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம், அஞ்சு வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே இந்த ஊர்ல! ஆறு மாசமா இங்க இருக்கார், இதை யாரும் சொல்லித்தரலையா?

போய் மறுத்திருப்பேன். ஆனால் அறிவிப்பு வந்தவுடன் முதல் வரிசையிலிருந்து அட்ராக்டா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு எப்படி மறுப்பது?

ஜூன் 13, செவ்வாய்

அட்ராக்டா வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பொருள். டீ வேண்டாம் என்றாள், வேண்டவே வேண்டாம் என்றாள், மூன்றாம் தடவை கேட்டதும் குடித்தாள்.

"முப்பது வருஷமா அந்தக் கிணத்தை நான் பார்த்துக்கறேன். சுவருக்கு வெள்ளையடிக்கறது நான், முட்செடி வெட்டறது நான். அங்க ஜெபமும் காத்தும்தான். கச்சேரி கிடையாது."

"கச்சேரி இல்லை. ஒரு பாட்டு. ஃபாதர் கேட்டார்."

"அவருக்கென்ன, நாளைக்கு யானை வேணும்பாரு."

"யானை வாசிக்க நான் பழகவில்லை."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, டீக்கோப்பைக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு, "எந்தப் பாட்டு?" என்றாள்.

"மாலக்கியின் மெட்டு."

கோப்பையைக் கீழே வைத்தாள். "மறுபடியும் பாதியில நின்னா? மூணு பங்கு ஜனமும் அங்க நிக்கும். அதுல எங்க தம்பி பேரும் இருக்கு டிம்ப்னா. உன் பேரு மட்டும் இல்ல."

"நிற்க மாட்டேன்."

"போன தடவையும் நிப்போம்னு நினைச்சா உக்காந்தே?"

அவள் போன பிறகு கோப்பையை இரண்டு தடவை கழுவினேன். தபால்காரராக இருந்த மாலக்கியின் அக்கா அவள். மருந்துக்கடைக்காரி தன் தம்பியைக் கட்டிக்கொண்டதை நாற்பத்தாறு வருடமாக மன்னிக்காதவள். ஆனாலும் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை.

இங்கே எழுதி வைக்கிறேன்: அன்று பாதியில் நின்றால், அதன் பிறகு யாழைத் தொடுவதில்லை. சோர்ஹா கொண்டுபோகட்டும். வேறு யாராவது கற்கட்டும்.

ஜூன் 22, வியாழன்

தினம் இரண்டு மணி நேரம் அதே மெட்டு. தாளம் தட்டும் மெட்ரோனோம் பெட்டி நிமிடத்துக்கு எழுபத்தாறு தட்டு. நேற்று அட்ராக்டா முட்டை கொடுக்க வந்தவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "தையல் மிஷின் வாங்கிட்டியா?"

இன்று சோர்ஹாவும். "அந்தப் பெட்டியை நிறுத்துங்க மிஸஸ் டியர்னி."

"எங்கே தவறு வந்தது?"

"தவறே வரல. அதான் பிரச்சினை. அவரு இதை எப்படி சீட்டியடிப்பாரு?"

"சரியாக அடிக்க மாட்டார். மூன்றாம் வரியில் எப்போதும் ஒரு தடங்கல். அதைத் திருத்தித்தான் எழுதியிருக்கிறேன்."

சோர்ஹா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் வரி இன்னும் உறுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வரும்போது படியில் கால் தப்புவது போல. ஏன்?

ஜூலை 14, வெள்ளி

கிணற்றுக்குப் போய் இடம் பார்த்தேன். அட்ராக்டாவும் வந்தாள், கைத்தடியுடன். அவளுக்கு வலது முட்டி போய்விட்டது; ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"முள்மரத்துக்கு அடியில வெச்சுக்கோ. யாருக்கும் இடைஞ்சல் இல்லாம."

முள்மரத்தடியில் நிலம் சரிவு. யாழ் வைத்தால் கடல்வரை உருளும். கிணற்றின் வெள்ளைச் சுவருக்குக் கிழக்கே, ஓர் ஆள் போகிற இடைவெளி விட்டு, ஒரு தட்டைக்கல் இருக்கிறது. உலர்ந்தது, சமமானது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அட்ராக்டா போன பிறகுதான் வைத்தேன்.

ஜூலை 29, சனி

நகம் வெட்டினேன். கோட்டுக்கு பிரஷ் போட்டேன். காற்று மேற்கிலிருந்து. தூக்கம் வராது என்று தெரியும், இருந்தாலும் படுக்கப் போகிறேன்.

ஜூலை 30, ஞாயிறு. மலர்மாலை ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

சோர்ஹாவின் வேனில் யாழ் குன்றடிவரை போனது. மேலே நானும் அவளும் வண்டியில் வைத்துத் தள்ளினோம். தட்டைக்கல்லில் நிறுத்தி, சுருதி சேர்த்து, உட்கார்ந்தேன். கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேல். மூன்று பங்கு மக்கள், குழந்தைகள், இரண்டு நாய்கள். எல்லோரும் கரையிலிருந்து ஆளுக்கு ஏழு கூழாங்கற்கள் பொறுக்கி வந்திருந்தார்கள். கிணற்றை ஏழு தடவை வலமாகச் சுற்றி, சுற்றுக்கு ஒன்றாகச் சுவர்மேல் வைப்பதுதான் முறை. ஐம்பது வருடமாக நானும் அதைச் செய்திருக்கிறேன்.

அப்படியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை! கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த ஓர் ஆள் இடைவெளிதான் அவர்கள் நடக்கிற பாதை. அதில் என் நாற்காலி நின்றது. நடக்கிறபோது அந்த வழியைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தபோது அது எனக்கு வெறும் இடமாகத் தெரிந்தது. இதைக் கண்டுகொண்டபோது ஃபாதர் எமேகா ஜெபமாலையைத் தொடங்கிவிட்டிருந்தார்.

முதல் ஆளாக அவர் நடந்து வந்தார். அவருக்கு இது முதல் வருடம். நாற்காலி வரை வந்தார், நின்றார், என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு மிக மரியாதையாகக் கல்லுக்கு வெளிப்புறமாக, யாழையும் என்னையும் கிணற்றோடு சேர்த்து வளைத்துக்கொண்டு போனார். பின்னால் வந்தவர் அவர் போன வழியே. அதற்குப் பின்னால் வந்தவரும். நான்காவதாக வந்த அட்ராக்டாவின் முகம் பீட்ரூட் நிறம். ஆனால் ஜெபத்தின் நடுவே யாரும் பேசக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். வாயை இறுக்கிக்கொண்டு அவளும் என்னைச் சுற்றினாள். நூறு பேரும் என்னைச் சுற்றினார்கள். நான் ஒரு திருத்தலமாகிவிட்டேன்.

அது போதாதென்று ஃபாதர் கையைத் தூக்கி, "யாழ் ஆரம்பிக்கலாம்!" என்றார்.

சுற்று முடிந்த பிறகு என்றுதான் பேச்சு! ஆனால் எல்லோரும் பார்க்கிறார்கள். தொடங்கினேன். மெட்ரோனோமின் எழுபத்தாறு வேகத்தில், மடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி முதுகு நேராக. மெட்டு முடிய இரண்டு நிமிடம். அவர்கள் இன்னும் முதல் சுற்றையே முடிக்கவில்லை. நிறுத்தினால் நூறு ஜோடிக் கால்களும் என் முன்னால் நின்றுவிடும். மறுபடி தொடங்கினேன்.

பாதியில் நிற்பேனோ என்று ஐந்து மாதம் பயந்தவள் நான். இப்போது நிற்கவே வழியில்லை.

இரண்டாம் சுற்றில் மூன்றாம் வரியில், மேல்பங்கு ஆள் ஒருவர் இருமினார். காதில் விழுந்தது. விரல் போய்க்கொண்டே இருந்தது. கால்கள் போய்க்கொண்டிருக்கும்போது விரல் எங்கே நிற்பது?

அப்போதுதான் கவனித்தேன்: எல்லோரும் என் வேகத்துக்கு நடக்கிறார்கள். வேண்டுமென்று அல்ல. எழுபத்தாறுக்கு எழுபத்தாறு, கிழவர்கள், கர்ப்பிணி, எல்லோரும், பட்டாளம் மாதிரி. சிலருக்கு மூச்சு வாங்கியது. நான்காம் சுற்றில் அட்ராக்டா யாழருகே வந்தபோது, ஜெபத்தின் அதே ராகத்தில், குரல் ஏறாமல் இறங்காமல், சொன்னாள்: "அருள் நிறைந்த மரியே வாழ்க கொஞ்சம் மெதுவா வாசிம்மா என் முட்டி போகுது கர்த்தர் உம்முடனே."

அடக்கிக்கொண்டேன். தோள் குலுங்கியதைச் சோர்ஹா பார்த்துவிட்டாள்.

மெதுவாக்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மெட்ரோனோமை விட்டுவிட்டு அட்ராக்டாவின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டேன். டக். டக். கல்லுக்கு வெளிப்புறம், அவர்கள் போகிற வழியில் ஒரு கல்படி உண்டு. அங்கே அவள் ஒவ்வொரு சுற்றிலும் நின்று, தடியை மேலே வைத்து, காலைத் தூக்குவாள். ஐந்தாம் சுற்றில் அந்தப் படி மூன்றாம் வரியில் வந்தது. அவளுக்காக நான் காத்திருந்தேன். தடி மேலே விழுந்த பிறகு அடுத்த நரம்பைத் தொட்டேன்.

மாலக்கி.

குளியலறைக் கதவு திறந்திருக்கிறது, கன்னமெல்லாம் சோப்பு நுரை, கத்தி தாடையில் திரும்புகிற இடம். அங்கே வெட்டிக்கொள்ளாமல் இருக்கச் சீட்டியை ஒரு கணம் நிறுத்துவார். தடங்கல் இல்லை அது! தாடை! நாற்பத்திரண்டு வருடம் தினமும் காலையில் கேட்டிருக்கிறேன், பிழை என்று நினைத்துத் திருத்தி எழுதியிருக்கிறேன். என்ன ஒரு முட்டாள் நான்.

ஆறாம் சுற்றும் ஏழாம் சுற்றும் அப்படியே வாசித்தேன், அந்த இடத்தில் நிறுத்தி. யாரும் என்னை விரட்டவில்லை, நானும் யாரையும் விரட்டவில்லை. கடைசிச் சுரம் போன பிறகு காற்று நரம்புகளைப் பிடித்துக்கொண்டது; அந்த ரீங்காரம் கொஞ்ச நேரம் நின்றது. யாரும் கைதட்டவில்லை. கிணற்றடியில் கைதட்டுவதில்லை. இரண்டு நாய்களும் படுத்துவிட்டிருந்தன.

எழுந்து பார்த்தால் யாழை நகர்த்த முடியவில்லை. சுவர்மேல் வைக்க வேண்டிய கூழாங்கற்களைப் பாதிப் பேர் யாழின் காலடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சோர்ஹாவும் நானும் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்தோம். எனக்குச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து எழுந்திருக்கவே முடியவில்லை. ஃபாதர் வந்து தூக்கிவிட்டார். அதை மறுக்கவில்லை.

ஜூலை 31, திங்கள்

விரல் நுனிகளில் நான்கு கொப்புளங்கள். பிரமாதம்.

ஆகஸ்ட் 9, புதன்

அட்ராக்டா. இன்று கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். இருந்தாலும் பேச்சு புகாரில்தான் தொடங்கியது.

"நேத்து கிணத்துக்குப் போனேன். ஒரு குடும்பம் வந்திருந்தது. கல்லையும் சேர்த்துச் சுத்துதுங்க. யாழே இல்ல அங்க! வெறும் கல்லு! ஏன்யான்னு கேட்டா, 'அன்னிக்கு ஃபாதரே அப்படித்தானே போனாரு'ங்கறான்."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"என்னத்தைச் சொல்லுவே? நாற்காலியை வழியில போட்டது நான்தான்னா? பேசாம இரு. தானா நின்னுடும்."

முதல் தடவை கேட்டதுமே டீ வாங்கிக்கொண்டாள். பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த மெட்டு எங்க அப்பாவோடது," என்றாள்.

கெட்டிலை வைக்க எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தேன்.

"அப்பாவும் சவரம் பண்றப்பதான் அடிப்பாரு. அந்த இடத்துல நிப்பாரு. மாலக்கிக்கு அப்ப நாலு வயசு இருக்கும். தொட்டி விளிம்புல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பான். அப்பா அடுத்த வருஷம் போயிட்டாரு. எங்க இருந்து பிடிச்சோம்னு அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது."

"ஏன் இதை முன்னாடியே சொல்லவில்லை?"

"பிப்ரவரில நீ வாசிச்சப்ப அது எங்க அப்பாவோடதா இல்லையே. நின்ன இடத்துலதான் லேசா அவரு மாதிரி இருந்துச்சு."

போகும்போது வாசலில், "முட்டிக்கு ஏதாவது தைலம் வெச்சிருக்கியா?" என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் என்னிடம் அவள் மருந்து கேட்டது இதுதான் முதல் தடவை. நாள் ஒன்றுக்கு இரண்டு வேளை, கண்ணில் படாமல், கை கழுவ வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 2, வியாழன்

இறந்தோர் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்தில் வாசித்தேன், தூறலில். அட்ராக்டா குடை பிடித்தாள். எனக்கல்ல, யாழுக்கு.

ஏப்ரல் 18, 2024, வியாழன்

சோர்ஹாவுக்குக் காய்ச்சல், பாடம் இல்லை. வெயில் அடித்தது. யாழ் இல்லாமல், கையை வீசிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தேன். கரையில் ஏழு கற்கள் பொறுக்கிக்கொண்டேன்.

மேலே ஒரு பெண் மட்டும். அறுபது வயதிருக்கும், தலையில் ஸ்கார்ஃப், மேல்பங்குக்காரி போல. ஜெபமாலையுடன் சுற்றிக்கொண்டிருந்தாள். தட்டைக்கல்லின் மேல் ஒரு குவியல் கூழாங்கற்கள். யாரோ ஒரு ஜாடியில் மஞ்சள் டாஃபடில் பூக்கள் வைத்திருந்தார்கள். கல்லைச் சுற்றிப் புல் தேய்ந்து புதிய தடம் ஒன்று விழுந்திருந்தது. பழைய இடைவெளியில் முட்செடி தலையெடுக்கத் தொடங்கியிருக்கிறது. அட்ராக்டா அதை வெட்டவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

நான் ஐம்பது வருடப் பழக்கத்தில் சுவரை ஒட்டியே நடந்தேன், கல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவே.

"அம்மா! அம்மா, அந்தப் பக்கமா போகாதீங்க."

நின்றேன்.

அந்தப் பெண் தணிந்த குரலில், புதியவர்களிடம் பேசுகிற பரிவோடு, "கல்லையும் சேர்த்துத்தான் சுத்தணும். உள்பக்கமா போனா சுத்து கணக்கில்ல," என்றாள்.

"அப்படியா? எப்போதிலிருந்து?"

"எங்க அம்மா காலத்துல இருந்தே அப்படித்தாங்க. நீங்க இந்தப் பக்கம் இல்லையா?"

என் வாய்க்குள் வாக்கியம் தயாராக இருந்தது. எழுவாய், பயனிலை, தேதி, எல்லாவற்றுடனும். சென்ற ஜூலை முப்பதாம் தேதி, அம்மா, என் நாற்காலி.

"அந்தப் படியில மட்டும் பார்த்து," என்றாள் அவள். "அங்க எல்லாரும் கொஞ்சம் நின்னு நின்னுதான் போவாங்க."

"நன்றி," என்றேன். திரும்பி வந்து முதல் சுற்றை மறுபடி தொடங்கினேன், அவள் சொன்ன மாதிரி, கல்லுக்கு வெளியே. படியருகே நின்று, காலைத் தூக்கி வைத்தேன். ஏழும் முடிந்ததும் கடைசிக் கூழாங்கல்லைக் கல்லின் மேல், குவியலில் வைத்துவிட்டு, வீடு வரும்வரை சீட்டியடித்துக்கொண்டே நடந்தேன். பெண்கள் சீட்டியடிப்பதை மதர் பெனிக்னஸ் கடுமையாகத் தடைசெய்திருந்தார்.